தட்டோரத்தில் ஒரு வாய்ச் சோறு

குவைத்திலிருந்து திரும்பி வந்தவள் என்றால் ஊருக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு. கையில் வளையல் கூடியிருக்க வேண்டும், பெட்டியில் செண்டு பாட்டிலும் பேரீச்சம்பழமும் இருக்க வேண்டும், பேச்சில் கொஞ்சம் மிடுக்கு ஏறியிருக்க வேண்டும். தேவசேனா இதில் பேரீச்சம்பழத்தை மட்டும்தான் கொண்டுவந்தாள். கூடவே, வீட்டில் யாருக்கும் பிடிபடாத ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டையை நன்றாகப் பிசைந்து உருட்டுவாள். அதை வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிடுவாள். எல்லாம் முடிந்த பிறகு, ஆறிக் காய்ந்து கிடக்கும் அந்த உருண்டையை எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவப் போவாள்.

அவள் புருஷன் நாகையா சில நாள் இதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"இன்னாமே அது, காக்காய்க்கா?"

"ஆமா."

"காக்காய்க்குன்னா வெளியில வைக்கணும். நீயே எடுத்துத் துன்னுட்றியே?"

"காக்கா வர்ல, அதான்."

நாகையா சிரித்துவிட்டுத் தோப்புக்குப் போனார். நல்ல மனுஷர். ஆனால் இரண்டு கேள்விக்கு மேல் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தேவசேனாவுக்கு அந்த மூன்றாவது கேள்விதான் வேண்டியிருந்தது.

ஆந்திராவில் குடிபாலாவிலிருந்து உள்ளே தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின காலனி அவர்களுடையது. இன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் அவர்கள் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதில் கிளிமூக்கு மாமரங்கள் நிற்கின்றன. சீசனில் காய் பறித்துச் சித்தூரில் இருக்கிற பழக்கூழ் ஃபேக்டரிக்கு டிராக்டரில் அனுப்புகிறார்கள். தேவசேனாவின் அப்பன் கன்னையாவுக்கு ஒரு முழம் நிலம் கிடையாது. பெரிய வீட்டுத் தோப்பில் காவல் இருந்தவர் அவர். அந்த வீட்டில் அவருக்கு மதியச் சோறு உண்டு, தட்டுதான் கிடையாது. துண்டை விரித்துப் பிடிக்க வேண்டும், மேலே நின்றுகொண்டு போடுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்தவள் தேவசேனா. சொந்தமாய் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்கிற வெறி அவளுக்கு அங்கேதான் பிடித்தது. அந்த வெறியில்தான், நாலு வயது மகள் ரூபாவைச் சித்தூரில் இருந்த நாத்தனார் மல்லிகாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண் அங்கே என்ன சாப்பிட்டாள் என்று ஊரில் ஒருத்தரும் கேட்பதில்லை. எவ்வளவு அனுப்பினாள் என்றுதான் கேட்பார்கள். கேட்டிருந்தால் தேவசேனா சொல்லியிருப்பாள்.

அந்த வீட்டில் எசமானர்கள் சாப்பிட்டு, விருந்தாளிகள் சாப்பிட்டு, பாத்திரமெல்லாம் உள்ளே வந்து சேர நாலு மணி ஆகும். அதன் பிறகுதான் வேலைக்காரர்களுக்குப் பகல் சாப்பாடு. மீந்த சோறும் கறியும் ஒரு பெரிய தாம்பாளத்தில் சமையலறைத் தரைக்கு வரும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாம்பாளம். அந்த இன்னொருத்தி எத்தியோப்பியாக்காரி, பெயர் அல்மாஸ். ஒல்லியாய், உயரமாய், எதற்கெடுத்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

தேவசேனாவுக்கு முதல் நாளே ஒத்துவரவில்லை. சோறு வேறு தினுசு, உள்ளே உலர்ந்த எலுமிச்சை, காரம் என்கிற பேச்சே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருத்தி கைவிட்டு அளைகிற தட்டில் தானும் கைவிடுவதா? எச்சில் அல்லவா? வீட்டில் அண்ணன் தம்பி கடித்த மிட்டாயைக்கூட அவள் அம்மா தொடவிட்டதில்லை. மேலிருந்து சோறு போடப்பட்டவர்கள் வீட்டில் எச்சில் பார்க்கிற வழக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஏன் என்று எனக்கும் தெரியாது, இருக்கும். தேவசேனா சோற்றின் நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்தாள், வயலுக்கு வரப்பு போடுவதைப் போல. இது உன் பக்கம், இது என் பக்கம் என்று கையைக் காட்டினாள். அல்மாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் வரப்பைத் தாண்டவில்லை.

அப்படியே சில மாதம் போனது. ஒரு நாள் தேவசேனா சாப்பிடவில்லை. சித்தூரில் ரூபாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சேதி வந்திருந்தது. தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அல்மாஸ் தன் பக்கத்துச் சோற்றைப் பிசைந்து, ஒரு துண்டுக் கறியை உள்ளே வைத்து உருட்டி, வரப்பைத் தாண்டிக் கையை நீட்டினாள். தேவசேனா தலையைப் பின்னுக்கு இழுத்தாள். அந்தக் கை போகவில்லை. அங்கேயே நின்றது. வேறு வழி இல்லாமல் தேவசேனா வாயைத் திறந்தாள். வாங்கிக்கொண்ட பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அப்பனுக்குத் துண்டில் விழுந்த சோறு நினைவுக்கு வந்ததால் அழுதாள், ரூபாவை நினைத்தும் அழுதாள், எதற்கென்று தெரியாமலும் கொஞ்சம் அழுதாள்.

அல்மாஸின் ஊரில் அதுதான் வழக்கமாம். மதிப்பாய் நினைக்கிறவர்களுக்கு, பிரியமானவர்களுக்கு, சாப்பாட்டில் முதல் வாயைத் தன் கையால் ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார்களாம். அரைகுறை அரபியில் அவள் விளக்கினதை அரைகுறையாய்ப் புரிந்துகொண்டாள் தேவசேனா. மறுநாள் வரப்பு போடவில்லை. அதற்கு மறுநாள், முதல் உருண்டையை இவள் பிசைந்து அவளுக்கு நீட்டினாள். பிறகு வருஷக்கணக்காக அந்தச் சமையலறைத் தரையில் ஒருத்தி வாயில் ஒருத்தி ஊட்டாமல் சாப்பாடு தொடங்கியதே இல்லை. சண்டை போட்ட நாளிலும் ஊட்டிவிட்டுத்தான் முறைத்துக்கொள்வார்கள்.

முதல் லீவில் ஊருக்கு வந்தபோது ரூபாவுக்கு ஆறு வயது. தேவசேனா விமானத்திலேயே நினைத்துக்கொண்டு வந்தாள், முதல் வாய் பிள்ளைக்குத்தான் என்று. மல்லிகா வீட்டில் சோற்றைப் பிசைந்து நீட்டினாள். பிள்ளை மல்லிகாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"வேணாம். அத்தம்மா ஊட்னாதான் துன்னுவேன்."

மல்லிகாவுக்கே சங்கடமாகிவிட்டது. "ஒன் அம்மாடி அது, வாங்கிக்கடி," என்று முன்னால் தள்ளினாள். பிள்ளை அழுதது. தேவசேனா அந்த உருண்டையைத் தானே சாப்பிட்டுவிட்டு, பரவாயில்லை விடு அண்ணி என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதன் பிறகு எந்த லீவிலும் மகளுக்கு ஊட்டப் போகவில்லை. கேட்காமல் கையை நீட்டக் கூடாது என்று இருந்துவிட்டாள்.

அல்மாஸ் ஒரு வருஷம் தன் தாய்க்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனாள். திரும்பவில்லை. அந்தப் பக்கம் சண்டை என்று டிவியில் சொன்னார்கள். அவள் கொடுத்துவிட்டுப் போன நம்பரில் கொஞ்ச காலம் மணி அடித்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவள் போன மறுநாள் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்த தேவசேனா, கை பழக்கத்தில் முதல் உருண்டையைப் பிசைந்துவிட்டாள். எதிரே ஆளில்லை. ஓரத்தில் வைத்தாள். அன்றிலிருந்து வந்ததுதான் இந்தப் பழக்கம்.

தேவசேனா ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பியபோது ரூபா திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து, அங்கேயே கோகுலகிருஷ்ணன் என்கிற பையனைக் கல்யாணமும் கட்டியிருந்தாள். பையன் செல்போன் கடையில் வேலை, நல்ல குடும்பம், இவர்கள் ஜனம்தான். ஆக வீட்டில் மிஞ்சியது தேவசேனாவும் நாகையாவும். நாகையா பன்னிரண்டு மணிக்கே டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்து எழுந்துவிடுவார். தேவசேனாவுக்கு நாலு மணிக்குத்தான் பசிக்கும். அந்த நேரத்தில் தெருவில் ஒரு வீட்டிலும் சாப்பாட்டுச் சத்தம் கேட்காது. ஆசைப்பட்டு வாங்கின நிலத்தைப் பார்த்தபடி, ஆசைப்பட்டுக் கட்டின வீட்டில், தனியாய் உட்கார்ந்து சாப்பிடுவாள். குவைத்தில் இருந்தபோது ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினாள். இங்கே ஊர்ச் சாப்பாடு இருந்தது, எதிரே உட்கார ஒரு ஆள் இல்லை.

ரூபா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும்தான் தேவசேனாவுக்கு உயிர் வந்தது. வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மகள் மாசக்கணக்கில் தன் வீட்டில் இருப்பாள், தன் சமையலைச் சாப்பிடுவாள், நாலு மணிக்குப் பிள்ளைத்தாய்ச்சிக்கு எப்படியும் பசிக்கும். இதையெல்லாம் வெளியில் சொல்லாமல் நினைத்து நினைத்து, கட்டிலுக்குப் புது மெத்தையும் வாங்கிப்போட்டாள்.

திருப்பதியில் வளைகாப்பு அமர்க்களமாய் நடந்தது. புளியோதரை, எலுமிச்சம் சாதம், தேங்காய்ச் சாதம், சக்கரைப் பொங்கல் என்று வரிசையாய் வைத்து, பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராய் வளையல் போட்டார்கள். பந்தியில் தேவசேனாவை நடுவில் உட்கார வைத்தார்கள். இடதுபக்கம் ரூபா, வலதுபக்கம் சம்பந்தி ரேணுகம்மா. அத்தனை பேருக்கு நடுவில் தன்னை மதித்து உட்கார வைத்ததில் தேவசேனாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. என் பெண்ணைப் பொன்போல் வைத்திருக்கிறாளே இந்த அம்மாள், இவளுக்கு நான் என்ன மரியாதை செய்ய என்று தோன்றியது. புளியோதரையை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள், நன்றாக இருந்தது. அந்தக் கையாலேயே தன் இலையிலிருந்து ஒரு உருண்டை பிடித்தாள். வலதுபக்கம் திரும்பி ரேணுகம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

ரேணுகம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"இதி ஏந்தம்மா? உன் எங்கிலி சோறு எனுக்கா?"

எங்கிலி என்றால் தெலுங்கில் எச்சில். பந்தி முழுக்கக் கேட்டது. அல்மாஸின் கை நின்றதைப் போல தேவசேனாவின் கையும் ஒரு கணம் அங்கேயே நின்றது. ஆனால் ரேணுகம்மா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். யாரோ ஒருத்தி, குவைத்துல இப்பிடித்தான் போல என்று சொல்லிச் சிரித்தாள். தேவசேனா உருண்டையை ஓரத்தில் வைத்துவிட்டு இடதுபக்கம் திரும்பினாள். ரூபாவும் எழுந்து கை கழுவப் போயிருந்தாள். அவள் இலையில் ஒரு பருக்கைகூடத் தொடாமல் எல்லாம் அப்படியே இருந்தது.

கிளம்புகிற நேரத்தில் ரூபா சொன்னாள். "நான் சித்தூர்ல அத்தம்மா வூட்ல இருந்துக்கறேன் நைனா. ஆஸ்பத்திரி பக்கம்." அவள் நைனாவைப் பார்த்துத்தான் சொன்னாள், அம்மாவைப் பார்க்கவில்லை. அதுவும் சரிதான் என்றார் நாகையா. தேவசேனாவும் தலையாட்டினாள். சம்பந்தி முன்னால் தன்னை அசிங்கப்படுத்திய தாயோடு எந்தப் பெண் இருப்பாள்? பஸ்ஸில் குடிபாலா வரும்வரை அவள் அந்த வலதுகையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

பிறகு தினமும் சமைத்து, அடுக்குச் சட்டியில் போட்டு, பஸ் ஏறிச் சித்தூர் போனாள். மல்லிகா, "இரு, சேர்ந்து துன்னலாம்," என்பாள். "ஆச்சு அண்ணி," என்று பொய் சொல்லிவிட்டு வேறு அறையில் உட்கார்ந்துகொள்வாள். ரூபா சாப்பிட்டு முடித்ததும் காலிச் சட்டியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். குழம்பு நன்றாக இருந்ததா என்று கேட்க வாய் வரும். சட்டி காலியாக இருக்கிறதே, அதுவே போதும் என்று அடக்கிக்கொள்வாள்.

ரூபாவுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தபோது மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தது. நாகையா ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசையில் மாட்டிக்கொண்டு, இதோ வரேன் அதோ வரேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மல்லிகாவும் சீசனுக்கு அதே ஃபேக்டரியில் பழம் அரிகிற வேலைக்குப் போகிறவள், பகல் ஷிப்டை விட முடியவில்லை. கோகுலகிருஷ்ணன் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பியிருந்தான். அதனால் பகலில் ஆஸ்பத்திரியில் ரூபாவோடு தேவசேனா மட்டும்தான். அந்த அறையில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டதைவிடக் குழந்தை அழுததுதான் அதிகம்.

சோறு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன நாள் தேவசேனா குழைந்த சோறும் பூண்டு ரசமும் கொண்டுவந்தாள். ரூபாவின் வலதுகையில் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தேவசேனா தட்டை வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு பையைத் துழாவி ஸ்பூனை எடுத்தாள். ஸ்பூனாலேயே ஒவ்வொரு வாயாக ஊட்டினாள், விரல் எங்கும் பட்டுவிடாதபடி. ரூபா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். பாதிக்கு மேல் போதும் என்றுவிட்டாள்.

"நீ துன்னியா?" என்று கேட்டாள் ரூபா.

"அப்புறமா."

"மணி நாலாவுது. இதையே துன்னு. இல்லேன்னா கொட்டத்தான போற."

தேவசேனா சுவரோரமாய்த் தரையில் உட்கார்ந்தாள். மகள் மிச்சம் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு கையால் பிசைந்தாள். முதல் உருண்டை பழக்கப்படி ஓரத்துக்குப் போனது.

"அது யாருக்கு?"

தலையைத் தூக்கினாள். ரூபா கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக்காய்க்கு என்று சொல்ல வந்தாள், மகளிடம் அந்தப் பொய் வரவில்லை.

"குவைத்துல அல்மாஸ்னு ஒருத்தி இருந்தாம்மா," என்று தொடங்கி, வரப்பு போட்டதிலிருந்து மணி அடித்து நின்றுபோன நம்பர் வரை எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னாள்.

"அப்போ அவுங்களுக்குத் தெனம் ஊட்டுவ," என்றாள் கடைசியில்.

"அவ எனுக்கு, நான் அவளுக்கு. அந்தப் பழக்கந்தாம்மா அன்னிக்குத் திருப்பதில... எச்சில்னு எனுக்குத் தோணவே இல்ல. அத்தினி பேர் முன்னால ஒன்னிய அசிங்கப்படுத்திட்டேன்."

"எச்சிலப் பத்தி இப்ப யாரு பேசனாங்க?" ரூபாவின் குரல் உடைந்தது. "நான் ஒன் பக்கத்துலதாம்மா ஒக்காந்துனு இருந்தேன். நீ உருண்டை புடிச்சதப் பாத்து எனுக்குன்னு நெனச்சினேன். வாயத் தெறந்துட்டேம்மா. நீ அந்தப் பக்கம் திரும்பிட்ட."

தேவசேனாவுக்கு வலதுபக்கம் திரும்பிய தன் தலை மட்டும் நினைவில் இருந்தது. இடதுபக்கம் திறந்திருந்த வாயை அவள் பார்க்கவே இல்லை. கூசிப்போய் அவள் மெல்லச் சொன்னாள்.

"நீதான் வேணான்னியேம்மா. அத்தம்மா ஊட்னாதான் துன்னுவேன்னு."

"அப்ப எனுக்கு ஆறு வயசும்மா."

குழந்தை சிணுங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், அது மறுபடி தூங்கிவிட்டது. தேவசேனா எழுந்தாள். கால் மரத்திருந்தது. தட்டோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, ஓரத்தில் இருந்த உருண்டையை எடுத்தாள். ஊரில் யாரும் வாங்காத அந்த உருண்டையை நீட்டும்போது, எங்கே முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்று அவள் கை பாதியிலேயே நின்றது.

ரூபா இடதுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது ஆறிப்போயிருக்கும்," என்றாள். "வேற பெசஞ்சி குடு."